ஆள் உயரப் பாலம்

எங்கள் ஊர்ப் பாலத்தை யாராவது புகழ்ந்தால் எனக்கு அலுப்பு தட்டிவிடும். கோபம் வரவேண்டிய இடம்தான்; ஒரு காலத்தில் வந்துகொண்டும் இருந்தது. இப்போது அலுப்பு மட்டும் வருகிறது, பகலெல்லாம் காட்டில் வேலை செய்துவிட்டு வந்தவளை இன்னொரு குடம் தண்ணீர் எடுத்துவா என்று அனுப்பினால் வருமே, அந்த மாதிரி.

உலகச் சண்டை நடந்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. புதுச்சத்திரத்திலிருந்து எங்கள் பக்கம் வருகிற பஸ்ஸும் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டுதான் வரும். பாலத்து மேட்டில் ஏறும்போது இருமி இருமி நின்றுவிடும். கண்டக்டர் இறங்கி விசிறியைச் சுற்றுவார். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில்தான் பாலத்துப் பெருமை ஆரம்பமாகும்.

"அந்த வெள்ளத்துல இந்த ரோட்டுல இருந்த பாலம் பூராத்தையும் அடிச்சுட்டுப் போயிருச்சுங்க. இது ஒண்ணுதான் அசையல. அந்தக் காலத்து வேலையின்னா வேலைதானுங்க டீச்சர்" என்பார் கண்டக்டர், கரிக்கையைத் துடைத்துக்கொண்டே.

அந்தக் காலமாவது ஒன்றாவது. பாலம் கட்டி அப்போது பத்து வருஷம் இருந்தால் அதிகம். நான் எந்தத் தெருக்காரி என்று கண்டக்டருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து டீச்சர் என்று மட்டும் தெரியும். அதனால் முன் சீட்டும் கிடைத்தது, கூடவே பாலத்துப் பெருமையும் கிடைத்தது. தெரிந்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்காது. "ஆமாங்க, நல்ல பாலம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நல்ல பாலம்தான். அதில் பொய் இல்லை. என் அம்மா சுண்ணாம்பு குழைத்த பாலம்.

எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரோடு வடக்கு தெற்காகப் போகிறது. ரோட்டுக்குக் கிழக்கே, ஊரை விட்டுத் தள்ளி, எங்கள் வளவு. நாங்கள் குடியிருக்கிற குடிசைக் கூட்டத்துக்கு அதுதான் பெயர். ரோட்டுக்கு மேற்கே எங்கள் இடுகாடு. கிழக்கே கரட்டிலிருந்து ஒரு ஓடை இறங்கி, வளவை ஒட்டி வந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து இடுகாட்டுப் பக்கமாகப் போகிறது. ஓடையை எங்கள் பக்கத்தில் பள்ளம் என்பார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் ஓடும்.

மாரியம்மன் நோம்பிக்கு ஊர்க்காரர்கள் தீர்த்தக்குடம் எடுத்து வருவது அந்த ரோட்டில்தான். ஆகவே எங்கள் பிணம் அதில் படக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. உயிரோடு இருப்பவர்கள் கடக்கலாம், செருப்பு இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு. செத்தவர்கள் கடக்கக்கூடாது. ரோடு வெறும் மண்தடமாக இருந்த காலத்தில் இது பெரிய சிக்கலாக இல்லை. தடமும் பள்ளத்துக்குள் இறங்கித்தான் ஏறும். நாங்கள் மணலோடு மணலாகப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். அந்த இடம் பள்ளத்தில் சேர்த்தியா, தடத்தில் சேர்த்தியா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

பிறகு ஜில்லா போர்டு வந்தது. தடத்தை மேடாக்கி, ஜல்லி போட்டு, வண்டியும் பஸ்ஸும் போகிற ரோடாக்கப் போகிறோம் என்றார்கள். ஜல்லி உடைக்கவும் மண் சுமக்கவும் எங்கள் வளவில்தான் ஆள் எடுத்தார்கள். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் அந்த வேலைக்குப் போனார்கள். நான் அப்போது சேலத்தில் டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மாவின் தலையில் கல்தூள் படிந்து, முடி நரைத்தது போல இருக்கும். குளித்தால் போகும், மறுநாள் திரும்பி வரும். பிறகு ஒரு நாள் பார்த்தால் நிஜமாகவே நரைத்திருந்தது.

பள்ளத்தின் மேல் ரோட்டை மேடாக்கிக் கொண்டு போக வேண்டும் என்றால் தண்ணீர் போவதற்கு ஒரு கண் வைத்துப் பாலம் கட்ட வேண்டும். ஓவர்சியர் கெங்கவல்லிப் பக்கத்துக்காரர், சாது. பள்ளத்தைப் பார்த்துவிட்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு கண் போதும் என்று முடிவு பண்ணியிருந்தார். அப்போதுதான் ஊர்ப் பெரிய பண்ணாடி அவரைத் தேடிக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்கே வந்தார். எங்கள் ஊரில் பாதிக் காடு அவருடையது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே நடந்த பேச்சை இரண்டு பேர் குரலிலும் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். பண்ணாடி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஏனுங்க ஓவர்சியர், பாலத்தை ஆள் உசரத்துக்கு வெச்சுக் கட்டிப்போடுங்க."

"இந்தப் பள்ளத்துல முழங்கால் தண்ணி வந்தாலே அதிசயம். எதுக்குங்க அவ்ளோ உசரம்?"

"தண்ணிக்கு இல்லீங்க. பொணத்துக்கு."

ஓவர்சியருக்குப் புரியவில்லை. பண்ணாடி புரிய வைத்தார். ரோடு மேடாகிவிட்டால் இவர்கள் பிணத்தை எங்கே கொண்டு போவார்கள்? மேலே ஏறித்தானே ஆகவேண்டும்? கீழே வழி இருந்துவிட்டால் ஏறவேண்டிய அவசியமே இல்லையே. ஓவர்சியர் தலையைச் சொறிந்துகொண்டு, அத்தனை உயரத்துக்கு வேண்டிய கல் போர்டில் கொடுக்கமாட்டார்கள் என்றிருக்கிறார். கல்லையும் சுண்ணாம்பையும் ஊர் கொடுக்கும் என்று சொல்லிவிட்டார் பண்ணாடி. ரோட்டுக்காக என் காட்டில் ஒரு கூடை மண் எடுக்கக்கூடாது என்று மல்லுக்கு நின்றவர் அவர். பாலத்துக்கு மட்டும் தன் பாறைக்குழியிலிருந்து நல்ல நல்ல கல்லாகப் பார்த்துத் தன் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். மேலே பாவுவதற்கு அனுப்பிய பலகைக் கற்களை இறக்குவதற்குள் ஆட்களுக்கு முதுகு கழன்றுவிட்டதாம்.

எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்தேதான் எங்கள் ஆட்கள் கட்டினார்கள். கூட வேலை செய்த பெண்கள், சுண்ணாம்பைக் குறைத்து மணலைக் கூட்டிக் குழை, இரண்டு மழையில் உட்கார்ந்து போகட்டும் என்றார்களாம். அம்மா கேட்கவில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை விட்டு, கை வழவழக்கிற வரைக்கும் குழைத்துத்தான் கொடுத்தாள்.

"ஏம்மா?" என்று நான் கேட்டதற்கு, "பாலம் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்குத் தெரியுமா அது எதுக்குன்னு?" என்றாள். பிறகு, "பொண்டு புள்ளைக வண்டியில போற ரோடு கண்ணு" என்றாள்.

ரோடு முடிந்த மறு வருஷம் அப்பா காய்ச்சலில் போனார். அந்தப் பாலத்தின் கீழே போன முதல் பிணம் அவருடையதுதான். அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது. ஆள் உயரம் என்று கட்டியிருந்தார்களே தவிர, தோளில் பாடையைத் தூக்கிய ஆளின் உயரத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பாலத்து வாயில் பாடையை இறக்கிக் கையில் பிடித்து, குனிந்து, முட்டிக்கு முட்டி தட்டிக்கொண்டு கொண்டு போனார்கள். மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், உள்ளே எதிரொலித்து ரோட்டுக்குக் கேட்கிறது என்று. பாடைக்கு மேலே கட்டியிருந்த பூச்சரம் பலகைக் கல்லில் உரசி அறுந்து மணலில் விழுந்தது. அப்பா சம்மட்டி பிடித்து உடைத்த ஜல்லி மேலே கிடந்தது, அப்பா கீழே போனார். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில் தாடை வலித்ததுதான் நினைவில் இருக்கிறது.

பெண்கள் அதற்கு மேல் போகக்கூடாது என்பதால் அம்மாவும் நானும் கிழக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டோம். அறுந்து விழுந்த பூச்சரத்தை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணனையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"நாஞ் செத்தா என்னைய மேல தூக்கிட்டுப் போங்க. கீழ கொண்டு போகப்படாது. கையடிச்சுக் குடுங்க."

அண்ணன் அடித்தான். நானும் அடித்தேன். அப்போது அம்மாவுக்கு நல்ல உடம்பு. அதெல்லாம் எப்போதோ நடக்கப் போகிறது என்று இருந்தது.

இடையில் போர்டார் ரோட்டோரத்தில் ஒரு தகரப் பலகை நட்டார்கள். ஜில்லா போர்டைச் சேர்ந்த ரோடு, கிணறு, சாவடி எல்லாம் சகல ஜாதியாருக்கும் பொது என்று எழுதியிருந்தது. நான் அதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அப்போது நான், எங்கள் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் நடத்திய லேபர் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பலகையைப் பார்த்ததில் எனக்கு உற்சாகம். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "பொணத்துக்கும் பொதுவான்னு போட்டிருக்குதா பாரு" என்றாள். போட்டிருக்கவில்லை.

சரி, கேட்டுவிடுவோம் என்று ஓவர்சியரிடம் கேட்டேன். அவர் தாசில்தாரிடம் கேட்கச் சொன்னார். தாலுக்கா ஆபீஸுக்குப் போய் வெயிலில் காத்திருந்து கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். "உங்களுக்குன்னே தனியாப் பாலம் கட்டிக் குடுத்திருக்காங்களே, அப்புறம் என்ன?" பாலம் இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் கேட்பதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். அது இருந்துவிட்டதால் நாங்கள் வம்புக்காரர்கள் ஆகிவிட்டோம். அதற்கு மேல் யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே திரும்பி வந்தேன்.

சில வருஷம் கழித்து ஐப்பசியில் அந்த மழை பிடித்தது. அம்மாவுக்கு அதற்கு முன்பே நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் ஜல்லிக் குவியலில் யாரோ நடப்பது போலச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கல்தூள் என்றார் நாமக்கல் ஆஸ்பத்திரி டாக்டர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொல்லிவிட்டார். நான் லீவு போட்டுவிட்டு வளவுக்கு வந்திருந்தேன்.

மழை விடவே இல்லை. வளவில் பாதிக் குடிசைகளின் மண்சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் குடிசை கொஞ்சம் மேட்டில் இருந்ததால் தப்பியது. அதற்குள் நாலைந்து குடும்பங்கள் வந்து ஒண்டிக்கொண்டன. மேலே ஏரி உடைந்ததும் பள்ளம் ஆறு மாதிரி வந்தது. ரோட்டில் தெற்கேயும் வடக்கேயும் இருந்த சின்னப் பாலங்களின் வாயை முள்ளும் மரமும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் ரோட்டின் மேலேறிக் கரையை அறுத்துப் பாலத்தோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் பாலம் மட்டும் நின்றது. ஒரு பனைமரம் முழுதாக இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போனதைப் பார்த்ததாக அண்ணன் சொன்னான். போர்டார் அவனைப் பாலத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள். ஈரமாக வந்து தலையைத் துவட்டிவிட்டு மறுபடியும் போவான்.

அம்மாவுக்கு எழுந்து உட்கார முடியவில்லை. ஆனால் அவன் வாசலில் நுழையும்போதே கேட்பாள்.

"தண்ணி எத்தன உசரம் நிக்குது?"

"மேப்பாவு கல்லத் தொடுதும்மா."

அம்மா சிரித்தாள். இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்படீன்னா கீழ போக வழியில்ல. மேலதான் தூக்கோணும். வடியறதுக்குள்ள நான் போயிரோணுஞ் சாமி."

ஒண்டியிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாகாதே என்று சொல்வதா, சீக்கிரம் என்று சொல்வதா? கஞ்சியை ஆற்றி வாயில் விட்டேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றாள். அதற்கப்புறம் அவள் சாப்பிடவே இல்லை. வேண்டுமென்றேதான் சாப்பிடாமல் இருந்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மழை நின்றது. வெயில் அடித்தது. அம்மா இன்னும் இருந்தாள். கண்ணைத் திறக்காமல் அதையே கேட்டாள். அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்திருந்தான்.

"இன்னும் கல்லத் தொட்டுக்கிட்டுத்தாம்மா கெடக்குது. கொறையவே இல்ல."

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். பள்ளத்தில் இறங்கி நடந்துதான் வந்திருக்கிறான். வேட்டியின் ஈரம் இடுப்போடு நின்றிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு உச்சிப்பொழுதுக்கு முன்பே அம்மா போய்விட்டாள்.

கெட்டியான பாலத்தில் இது ஒரு தொல்லை. வாய் பெரிதாக இருப்பதால் தண்ணீர் தேங்காது. வேறு எந்தப் பாலமாக இருந்தாலும் இரண்டு பக்கமும் குளம் கட்டி நின்றிருக்கும், இல்லை இடிந்தாவது போயிருக்கும். எங்கள் பாலம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நாங்கள் பாடை கட்டி முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

ஆனாலும் மேலேதான் போனோம். அண்ணன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பள்ளத்துக்குப் பிரிகிற இடம் வந்ததும் தூக்கினவர்கள் ஒரு கணம் நின்றார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுச் சரிவில் ஏறினான். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அந்தச் சரிவின் பாதி வரைக்கும் வந்தாள்.

பாலத்தின் மேல் ஊர் ஆட்கள் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பண்ணாடி நின்றுகொண்டிருந்தார். அவர் சத்தமே போடவில்லை.

"ஏண்டா, பள்ளத்துத் தடம் மறந்துபோச்சா?"

"தண்ணி கெடக்குதுங்க சாமி. எப்படிங்க கொண்டுபோறது?" என்றான் அண்ணன்.

"முழங்கால் தண்ணி. பொழுதோட அதுவும் வடிஞ்சிரும். உங்களுக்குன்னு நாங்க கல்லுக் குடுத்துக் கட்டுன பாலம்டா அது."

"இது போர்டு ரோடுங்க. எல்லாத்துக்கும் பொதுன்னு எழுதிப் போட்டிருக்குதுங்க."

"எழுதுனவனை வரச் சொல்லு" என்றார் பண்ணாடி.

எழுதினவர் இல்லாவிட்டாலும் பலகையை நட்டவர் அங்கேதான் இருந்தார். மழை தொடங்கியதும் ரோட்டைப் பார்க்க வந்த ஓவர்சியர், ரோடு அறுந்துவிட்டதால் திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

"நீங்க படிச்சவங்க. அண்ணனுக்கு எடுத்துச் சொல்லுங்க டீச்சர். பாலந்தான் நல்லா நிக்குதே."

"நிக்கறதுதானுங்க எங்களுக்குக் கஷ்டம்" என்றேன்.

அவருக்குப் புரிந்ததோ என்னவோ. தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

தூக்கினவர்களுக்குக் கை கடுத்தது. பாடையை அந்தச் சரிவிலேயே ஜல்லியின் மேல் இறக்கி வைத்தார்கள். மேளம் தானாக நின்றுவிட்டது. பேச்சுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, ஆனால் பேசினது எங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும்தான். வளவுப் பெரியவர்கள் அண்ணனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சுவர் விழுந்தவர்கள் அவர்கள். கூரை போட ஓலை ஊரிலிருந்துதான் வரவேண்டும், நனைந்து முளைத்துப் போன சோளத்துக்குப் பதில் சோளமும் ஊரிலிருந்துதான் வரவேண்டும். ஒருவர் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நாளைக்கு அவிய காட்டுக்குத்தானே சாமி கூலிக்குப் போகோணும்? செத்தவளுக்கு எந்த வழியா இருந்தா என்ன? இருக்கறவிய நெலமயப் பாரு."

அந்தப் பெரியவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஒண்டின வீட்டில் அவருடைய பேரப்பிள்ளைகள் கூழுக்கு அழுததை நானும்தான் பார்த்திருந்தேன். அண்ணன் மேலும் வருத்தம் கிடையாது. அவன் ரொம்ப நேரம் நின்றான். பிறகு கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். பாடையும் பின்னாலேயே இறங்கியது.

நான் இறங்கவில்லை. மேலே நடந்தேன். பிணம் கீழே திரும்பிவிட்டதால் ஊர் ஆட்கள் எழுந்து எனக்கு வழி விட்டார்கள். உயிரோடு இருப்பவளுக்கு ரோடு பொதுதானே. பாலத்தின் நடுவில் போய் நின்றேன். என் காலுக்குக் கீழே அம்மா போய்க்கொண்டிருந்தாள். பலகைக் கல் அத்தனை கனம், தண்ணீர்ச் சத்தத்தில் ஆட்கள் போகிற சத்தம்கூட மேலே வரவில்லை. மேற்குப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முதலில் அண்ணன் வந்தான், சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. அப்புறம் நாலு பேர் கையில் அம்மா வந்தாள். பாடையின் கால்மாட்டுப் பக்கம் தண்ணீரில் தோய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் சத்தம் போட்டு அழுதேன். பண்ணாடி தலையைக் குனிந்துகொண்டார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். குனிந்திருக்கலாம். எனக்கு அதனால் என்ன?

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அதை எங்களால் கொடுக்க முடியவில்லை. கல்லைத் தொடுகிறது என்று அண்ணன் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டு போனாளே, அதுவரைக்கும் சரி என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். சில நாள் தேறுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

வெள்ளம் வடிந்த பிறகு சேலத்திலிருந்து இஞ்சினீர் வந்தார். ரோடு நெடுக எல்லாப் பாலமும் போயிருக்க இது ஒன்று மட்டும் எப்படி நின்றது என்று பார்க்கத்தான் வந்தார். உள்ளே இறங்கி அளந்தார், சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார். பலே என்றார். இதைக் கட்டச் சொன்னது யாருடைய யோசனை என்று கேட்டாராம். ஓவர்சியர், ஊர்க்காரர்களுடைய யோசனைதான் என்று சொன்னாராம். அவரும் என்ன செய்வார், அது உண்மைதானே. எதற்காக என்று இஞ்சினீர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. போன பாலங்கள் எல்லாவற்றையும் இதே உயரத்துக்கு, இதே மாதிரிக் கட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அண்ணனை மேஸ்திரி ஆக்கினார்கள். அம்மாவின் கைப்பக்குவம் அவனுக்குத் தெரியும் என்று சுண்ணாம்பு குழைப்பதற்கு அவனைத்தான் ஒவ்வொரு ஊராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வேலைக்கு நீ போகவேண்டுமா என்று கேட்டேன்.

"சின்னதாக் கட்டுனா வெள்ளத்துல போகும். பெருசாக் கட்டுனா பொணத்துக்கு ஆகும். நா என்ன பண்றது, சொல்லு?" என்றான்.

அந்த ரோடு அதற்கப்புறம் ஒரு மழைக்கும் அறுபடவில்லை. கரியில் ஓடினாலும் பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் வளவில் பிரசவம் சிக்கலான பெண்ணை வண்டி கட்டி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்ததும் அந்த ரோட்டில்தான். பாலம் கெட்டது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். நல்லது என்று சொன்னால்தான் அலுப்பு.

பிறகு எனக்கு அதே ரோட்டில் தெற்கே வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் ஆயிற்று. அந்த ஊர் வளவிலேயே குடியிருந்தேன். ஒரு நாள் அங்கே ஒரு வயசாளி இறந்துபோனார். பாடை பள்ளத்தில் இறங்கிப் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. பக்கத்தில் நின்றவள் என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணின் தாய். அவளிடம், இங்கே எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர். முன்னயெல்லாம் இங்கிருந்தது முட்டி உசரப் பாலமுங்க. கீழ ஆடுகூடப் போகாது. அதனால மேலதான் போவோம். நாங்க போனதுக்கப்புறம் ஊருக்காரங்க மூக்கச் சுளிச்சுக்கிட்டுச் சாணித் தண்ணி தெளிச்சுக்குவாங்க, அவ்வளவுதான். வெள்ளத்துக்கப்புறம் இதைக் கட்டுனாங்க. உங்களுக்குத்தான் வழி வந்திருச்சே, அதுல போங்கன்னு சொல்லிப்போட்டாங்க."

அவள் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஊருப் பாலத்தப் பாத்துத்தான் இதையும் கட்டுனாங்களாமா. நெசமுங்களா?"

"ஆமாங்க."

"ரொம்பக் கெட்டியுங்களா அது?"

"ரொம்பக் கெட்டி."

"அப்ப இது எங்க காலத்துல இடியாதுங்களா?" என்றாள்.

இடியாது என்று சொன்னேன்.